விலை உயர்ந்த பவளம் வாங்கும் முன்: தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு பவளத் துண்டுக்கு, ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவை விலையாகக் கேட்கிறார்கள். கொடுத்து வாங்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியா என்று நம்மவர்கள் வாழும் ஊர்களில் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, "நானும் தொடங்கலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் பலர். தொடங்கலாம். ஆனால் கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிடக் கூடாது. அரிய பவளம் இந்த வரிசையின் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் வருபவற்றைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அரிய பவளம் உங்கள் தொட்டியில் மட்டும் இருந்தால், ஒரே ஒரு மின்வெட்டில் அது இல்லாமல் போகலாம். அதன் கிளை இன்னும் இரண்டு வீடுகளில் வளர்ந்தால் உங்கள் சேகரிப்பு பிழைக்கும். நல்ல சேகரிப்பாளர்கள் எல்லோரும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

எது அரியது, ஏன் இந்த விலை

பவளம் ஓர் உயிரினம். பாலிப் எனப்படும் வாயுள்ள சிறு உயிர்கள், பெரும்பாலும் பல சேர்ந்து ஒரு கூட்டமாக வாழும். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவு செய்து, பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. நாம் மயங்கும் பச்சையும் ஆரஞ்சும் ஊதாவும் பெரும்பாலும் பவளமே உண்டாக்கும் ஒளிரும் புரதங்களால் வருபவை. நீல ஒளி பட்டால் அவை மின்னும்.

விலை ஏறக் காரணங்கள் வேறு வேறு. சில இனங்கள் இயல்பிலேயே மெதுவாக வளர்பவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஸ்கோலிமியா ஒரே பெரிய பாலிப்பாக, ஒரு தட்டு போல இருக்கும். அதைக் கிளை கிள்ளுவதுபோல் வெட்டிப் பெருக்க முடியாது. எனவே விலை எளிதில் இறங்குவதில்லை. வேறு சிலவற்றில் இனம் சாதாரணம், நிறம்தான் அபூர்வம். டார்ச் எனப்படும் யூஃபில்லியா கிளாப்ரெசென்ஸ் எங்கும் கிடைக்கும். அதிலேயே பொன்மஞ்சள் கைகளும் மாறுபட்ட நுனிநிறமும் கொண்டது வந்தால் பத்து மடங்கு கேட்பார்கள். ரோடாக்டிஸ் வகைக் காளான் பவளத்தில் மேற்புறம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பருத்து நிற்பதைப் பவுன்ஸ் என்பார்கள், அதுவும் இப்படித்தான்.

மூன்றாவது காரணம் வரத்து. இந்தோனேசியா 2018இல் உயிருள்ள பவள ஏற்றுமதியை நிறுத்தியது. 2020இல்தான், பண்ணையில் வளர்த்தவற்றுக்கு, கதவு மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் உலகம் முழுக்க டார்ச் விலை எகிறியது. ஏற்றுமதி செய்யும் நாடு ஒரு கையெழுத்துப் போட்டால் டர்பனில் விலை மாறும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஹோம்ரெக்கர், வால்ட் டிஸ்னி, ஹோலி கிரெயில், ராஸ்தா போன்ற பெயர்கள் வியாபாரிகள் சூட்டியவை. முதல் இரண்டும் அக்ரோபோரா (கிளைவிட்டு வளரும் கடினப் பவளம்) வகையில் டெனுயிஸ் என்ற ஒரே இனத்தின் நிற வகைகள். எவர் வேண்டுமானாலும் எந்தத் துண்டுக்கும் அந்தப் பெயரை ஒட்டி விற்கலாம். இந்தப் பெயர்களுக்குக் காசு கொடுக்கும்போது உண்மையில் அந்தத் துண்டின் வம்சாவளிக்குத்தான் கொடுக்கிறீர்கள்; எந்தத் தாய்க் கூட்டத்திலிருந்து வெட்டியது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால், பெயர் இல்லாத துண்டுக்கான விலைதான் நியாயம்.

வேகமாக வளரும் வகைகளில் விலை ஆண்டுக்காண்டு இறங்கும். வெட்டி வெட்டிப் பலர் கைக்குப் போகப் போக, நேற்றைய பல்லாயிரம் ரேண்டுத் துண்டு நாளை சில நூறுக்கு வரும். பொறுத்திருப்பவருக்கு இதில் நட்டமே இல்லை.

தொட்டியும் நீரும்

இருநூறு முதல் முந்நூறு லிட்டர்த் தொட்டி புதியவருக்கு ஏற்றது. சிறிய தொட்டியில் நீரின் தன்மை மணிக்கு மணி மாறும். அடியில் ஒரு சம்ப் (கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி), ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி), இரண்டு அலைப் பம்புகள், நல்ல எல்.இ.டி. விளக்கு, ஹீட்டர் போதும். இவற்றைப் பற்றிக் கடைக்காரர் யாரும் சொல்வார். நான் நீரைப் பற்றிச் சொல்கிறேன்.

குழாய்நீரை நேராக ஊற்றவே கூடாது. குளோரின், பாஸ்பேட், பழைய வீடுகளின் செம்புக் குழாயிலிருந்து கரையும் செம்பு எல்லாம் அதில் இருக்கும். செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். ஆர்.ஓ. சவ்வும் அதற்குப் பின், எஞ்சிய உப்புகளை நீக்கும் டி.ஐ. பிசினும் உள்ள வடிகட்டி வேண்டும். கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். வடிகட்டி சரியாக ஓட மூன்று நான்கு பார் அழுத்தம் தேவை; ஜோஜோ (பிளாஸ்டிக் நீர்த்தேக்கத்) தொட்டியிலிருந்து எடுப்பவர்கள் ஒரு பூஸ்டர் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாய்நீர் இல்லாமல் தவித்ததை மறந்துவிட முடியாது. வடிகட்டிய நீர் நூறு லிட்டராவது எப்போதும் வீட்டில் மூடி வைத்திருக்க வேண்டும்.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, வாளியில் எடுத்துவந்தால் என்ன?" என்று கேட்பார்கள். டர்பன் கரையில் உம்கேனி போன்ற ஆறுகள் கலக்கின்றன. மழை பெய்தால் சேறும் கழிவும் கடலுக்கு வருகின்றன. நல்ல நாளில் நல்ல இடத்தில் எடுத்த நீர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விலை உயர்ந்த பவளத்தை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தில் நான் இறங்க மாட்டேன். உப்புக் கலந்தே செய்யுங்கள்.

நீருக்கான இலக்குகள்: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு); கால்சியம் 420, மக்னீசியம் 1300 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1, எல்லாம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கணக்கில். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்க முயலாதீர்கள். பவளமும் அதன் பாசியும் பட்டினி கிடந்து வெளிறும். டைனோஃப்ளாஜெலேட் என்ற பழுப்புச் சளி தொட்டி முழுக்கப் படரவும் அது வழி செய்யும்.

இந்த எண்களில் எதைத் துரத்துவதைவிடவும், ஒரே எண்ணில் நிற்பது முக்கியம். காரத்தன்மை 7.5இல் ஆண்டு முழுக்க நிலையாக இருக்கும் தொட்டியில் அக்ரோபோரா தழைக்கும். இன்று 8, நாளை 10, மறுநாள் 7 என்று ஆடும் தொட்டியில் அது நுனியிலிருந்து எரிந்து வெளுக்கும். ஒரு நாளில் அரை டி.கே.எச்.சுக்கு மேல் மாற்றாதீர்கள்.

பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க எளிய வழி சுண்ணாம்புத் தெளிநீர். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதன் பி.எச். 12க்கு மேல், ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே போய்விடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பயன்படுத்தாதீர்கள், அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது டப்பாவில் இருக்காது. பவளம் கூடக் கூட, கால்சியத்தையும் காரத்தையும் தனித்தனியே ஊற்றும் டோசிங் பம்புக்கு மாறலாம்.

மின்சாரம்: முதல் பெரிய செலவு

2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) எந்த அளவுக்குப் போனது என்பதை இந்த நாட்டில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இப்போது நிலைமை மேம்பட்டிருந்தாலும், புயலில் அறுந்த கம்பி, வெடித்த டிரான்ஸ்ஃபார்மர், திருடுபோன கேபிள் என்று ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவது இன்றும் நடக்கிறது. அதனால் என் உறுதியான கருத்து: முதல் விலை உயர்ந்த பவளத்துக்குச் சேர்த்த பணத்தில் முதலில் பேட்டரி வாங்குங்கள்.

கரண்ட் போனதும் தொட்டியைக் கொல்வது இருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். விளக்கு இல்லாமல் இரண்டு மூன்று நாள் பவளம் தாங்கும். வெப்பமும் மெதுவாகத்தான் மாறும். நீர் அசையாமல் நின்றுவிட்டால் ஆக்சிஜன் மட்டும் சில மணி நேரத்தில் இறங்கும். மீன் நிறைந்த தொட்டியில் இன்னும் வேகமாக. எனவே பேட்டரியில் ஓட வேண்டியது ஒரே ஒரு அலைப் பம்ப். அதை மேற்பரப்பு கலையும்படி மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கணக்குப் பார்ப்போம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும். 15 வாட் டி.சி. பம்ப் அதில் மூன்று நாள் ஓடும். அதே பேட்டரியில் 200 வாட் ஹீட்டரை மாட்டினால் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஹீட்டரை அதில் மாட்டக் கூடாது. லெனேசியாவின் ஜூன், ஜூலை இரவுகளில் கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றித் தடித்த கம்பளி கட்டி, கொதிநீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைச் சம்பில் மிதக்க விடுங்கள். ஏ.சி. பம்புகளை இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்க வேண்டும்.

இவ்வளவு பணம் இப்போது இல்லை என்றால், தூண்டில் கடைக்குப் போங்கள். உயிர் இரையைக் காப்பாற்ற மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும், சாதாரண பேட்டரி செல்லில் ஓடும் காற்றுப் பம்ப் அங்கே கிடைக்கும். இரண்டு வாங்கி, செல்லையும் கூடவே வையுங்கள். கரண்ட் திரும்பும் நொடியில் வரும் மின்னழுத்த எழுச்சி விளக்கின் டிரைவரை எரிக்கும். சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் எதையும் சொருக வேண்டாம்.

வெயிலும் காற்றும்

டர்பனின் ஜனவரி, பிப்ரவரிக்குத் தனியாகத் தயாராக வேண்டும். தொட்டி நீர் 29ஐத் தாண்டி அப்படியே நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெளுக்கத் தொடங்கும். நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் இது ஜொஹானஸ்பர்க்கின் உலர்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும் அளவுக்கு டர்பனின் ஈரக் காற்றில் செய்யாது. இங்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், அல்லது ஏ.சி. உள்ள அறையில் தொட்டியை வைக்க வேண்டும். விளக்கை மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை எரியவிட்டால் பகல் வெப்பத்தோடு விளக்கின் வெப்பம் சேராது. நீங்களும் வேலை முடிந்து வந்து பார்க்கலாம்.

ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் நீரில் கரையும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே மேற்பரப்பை இன்னும் நன்றாகக் கலக்க வேண்டும், மீனையும் குறைக்க வேண்டும். ஆவியாவதும் அதிகம், ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் நிரப்ப வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சி நீரில் கலக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த மருந்து நேராகத் தொட்டிக்குள் போகும். இறாலும் நண்டும் முதலில் சாகும். காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள், அந்த அறையில் ஸ்ப்ரே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

முதல் ஆண்டு

நீரும் பாறையும் வைத்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை நான்கு முதல் ஆறு வாரம். அதன்பின் பழுப்புப் பாசி, பச்சைப் பாசி, சளி என்று சில மாதம் தொட்டி அசிங்கமாகவே இருக்கும். பயந்து மருந்து ஊற்றாதீர்கள்.

இந்தக் காலத்தில் மலிவான, உறுதியான பவளங்களை வையுங்கள்: பச்சை நட்சத்திரப் பவளம், சாதாரணக் காளான் பவளங்கள், விலை குறைந்த ஸோவாந்திட் (பாய்போல் படரும் சிறு பொத்தான் பவளம்), ஒரு டங்கன் பவளம், ஒரு மோன்டிபோரா (தட்டாக வளரும் கடினப் பவளம்). பச்சை நட்சத்திரம் பாறையெல்லாம் படர்ந்துவிடும், அதைத் தனிப் பாறையில் வையுங்கள். மோன்டிபோரா உங்கள் சோதனைக் கருவி. அதன் ஓரம் வெள்ளையாக, மாதந்தோறும் முன்னேறி வளர்ந்தால் உங்கள் காரத்தன்மை நிலையாக இருக்கிறது என்று பொருள். மோன்டிபோரா ஆறு மாதம் தொடர்ந்து வளராத தொட்டியில் விலை உயர்ந்த அக்ரோபோராவை வைக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம் இருமுறை காரத்தன்மையை எழுதுங்கள். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் இருக்கும்.

புரட்டாசி மாதம் பற்றியும் கேட்கிறார்கள். மாமிசம் வீட்டுக்குள் வராத அந்த வாரங்களில், உறைந்த மைசிஸ் இறாலை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க அம்மாவும் ஆயாவும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம். ஒளியும் நிலையான நீரும் இருந்தால் பெரும்பாலான பவளங்கள் ஒரு மாதம் மாமிச உணவில்லாமல் நன்றாகவே இருக்கும். மீன்களுக்கு உலர் தீனி போதும். அவை போடும் கழிவே பவளங்களுக்குச் சத்து.

வாங்கப் போகும்போது

புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நீல ஒளி மட்டும் எரியும்போது எடுத்த படத்தில் பழுப்புத் துண்டும் நெருப்பாக ஒளிரும்; அதன்மேல் நிறத்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டால் கடலில் இல்லாத நிறமெல்லாம் வரும். முடிந்தவரை நேரில் போங்கள். போனதும் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணா, வெள்ளை விளக்கை ஒரு நிமிஷம் போடுறீங்களா?" நல்ல விற்பனையாளர் உடனே போடுவார். தூரத்திலிருந்து அனுப்புகிறார் என்றால், வெள்ளை ஒளியில் ஒரு சிறு வீடியோ கேளுங்கள். பவளம் அதில் எப்படித் தெரிகிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும்.

அடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். நேற்று வெட்டி இன்று ஒட்டிய துண்டில் வெட்டுக்காயம் வெள்ளையாகத் தெரியும். திசு வழிந்து, பிளக்கின்மேல் (துண்டை ஒட்டும் சிறு அடிக்கட்டை) படர்ந்து பிடித்திருந்தால் அது பல வாரம் ஆறியது. ஆறிய துண்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். டார்ச் என்றால் திசு எலும்புக்கூட்டின் விளிம்பிலிருந்து பின்வாங்கியிருக்கிறதா, பழுப்புக் கூழ் போல ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். பழுப்புக் கூழ் நோய் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு ஒரே இரவில் தாவும்; அந்தத் தொட்டியில் இருந்து எதையும் எடுக்காதீர்கள். அக்ரோபோராவில் வட்ட வட்டமாக வெளிறிய கடிதடம் இருந்தால், அதைத் தின்னும் தட்டைப்புழு இருக்கிறது என்று பொருள்.

மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை நாளாக இவரிடம் இருக்கிறது? எந்த ஒளியில், எவ்வளவு பி.ஏ.ஆர்.இல் (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வளர்ந்தது? தாய்க் கூட்டம் எங்கே, அதைப் பார்க்கலாமா? தாய்க் கூட்டத்தைக் காட்டுபவரிடம் வாங்குங்கள். உள்ளூர்த் தொட்டியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த துண்டு, கடலிலிருந்து எடுத்து விமானத்தில் வந்து இறங்கிய பவளத்தைவிட எல்லா விதத்திலும் மேல். அது செயற்கை ஒளிக்கும் கலந்த உப்புக்கும் பழகியது, அதற்காகக் கடலில் ஒரு பாறை உடையவில்லை.

சட்டம்

கடினப் பவளங்கள் அனைத்தும், அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். இறக்குமதித் துண்டு என்று சொல்லி விற்பவரிடம் அதன் தாளைக் கேட்பது உங்கள் உரிமை. காளான் பவளமும் ஸோவாந்திடும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் உயிர்களை இறக்குமதி செய்யத் தனி விதிகள் உண்டு.

சோட்வானா விரிகுடாவின் பவளப்பாறைகள் இசிமங்கலிசோ கடல் காப்பகத்துக்குள் இருக்கின்றன; ஆப்பிரிக்கக் கரையில் மிகத் தெற்கே உள்ள பவளப்பாறைகளில் அவையும் அடங்கும். அங்கிருந்தோ, டர்பனுக்குத் தெற்கே உள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டிலிருந்தோ ஒரு விரல் அளவுகூட எடுக்கக் கூடாது. டர்பனின் கடலாய்வு நிறுவனத்தார் 1993 முதல் அந்தப் பாறைகளைக் கண்காணித்துவருகிறார்கள். பவளம் வாங்கும் முன் ஒருமுறையாவது அங்கே முக்குளித்துப் பாருங்கள்; நீர் எப்படி முன்னும் பின்னும் அலைகிறது, எந்தப் பவளம் எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகப் புரியும். முக்குளிக்க முடியாதவர்கள் டர்பனின் உஷாகா கடல்வாழ் காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ், 2001 முதல் புலிக்கு இணையான பாதுகாப்பில் இருக்கின்றன. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ யாராவது ஒரு துண்டு கொடுத்தால், செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மூன்று சிறு டப்பாக்களில் தொட்டி நீர் எடுங்கள். முதலாவதில், பவளத்தை முக்கியெடுப்பதற்கான டிப் மருந்தை அதன் அட்டையில் உள்ள அளவில் கலந்து, சொன்ன நிமிடம் மட்டும் வையுங்கள். இடையிடையே ஒரு பெரிய பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சி அடியுங்கள். ஒட்டியிருக்கும் புழுவும் ஓடில்லாத சிறு நத்தையும் உதிர்ந்து அடியில் துடிப்பது தெரியும். மற்ற இரண்டிலும் அலசுங்கள்.

டிப் மருந்து முட்டையைக் கொல்லாது. இதை மறந்து தொட்டி முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. அக்ரோபோராத் தட்டைப்புழுவின் முட்டை பொரிய, வெப்பத்தைப் பொறுத்து மூன்று வாரம் வரைகூட ஆகும். எனவே வந்த பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் தேடி, பழுப்பு முட்டைக் கூட்டம் இருந்தால் பிளேடால் சுரண்டி, புதுப் பிளக்கில் ஜெல் வகை சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டி. வாரம் ஒருமுறை மறு டிப். தனித் தொட்டி என்பது நாற்பது லிட்டர்க் கண்ணாடிப் பெட்டி, ஒரு சிறு பம்ப், ஹீட்டர், விளக்கு, அவ்வளவுதான். பல்லாயிரம் ரேண்டுத் துண்டு வாங்க முடிந்தவருக்கு இது முடியாத செலவில்லை.

ஸோவாந்திடைக் கையாளும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் குடும்பத்தின் பல வகைகளில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. 1971இல் ஹவாயில் இதைப் பிரித்தெடுத்தார்கள். பவளம் ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. வெட்டும்போது கண்ணில் தெறித்தால் உடனே கழுவி மருத்துவரைப் பாருங்கள், என்ன தெறித்தது என்று பெயரைச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது

எந்தப் பவளத்தையும் முதலில் கீழே வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக மேலேற்றுங்கள். குறைந்த ஒளி பவளத்தைப் பழுப்பாக்கும், அது மீளும். அதிக ஒளி சுட்டு வெளுக்க வைக்கும், அது பெரும்பாலும் மீளாது. பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம்; நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள்.

பவுன்ஸ் காளானுக்கு பி.ஏ.ஆர். 50 முதல் 100 போதும், ஓட்டமும் மெல்லியதாக வேண்டும். அது பாறையை விட்டுக் கழன்று மிதந்து பம்புக்குள் போய்விடும் பழக்கம் உள்ளது. வலை மூடிய சிறு டப்பாவில் கல்துண்டுகளோடு போட்டு, ஒரு கல்லில் தானாகப் பிடித்தபின் வெளியே எடுங்கள். டார்ச்சுக்கு 80 முதல் 150. கைகள் முன்னும் பின்னும் ஆடும் ஓட்டம். இரவில் அது நீளக் கைகளை வீசிப் பக்கத்துப் பவளத்தைச் சுடும், சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். ஸ்கோலிமியாவை மணலில், நிழலோரம் வைத்து, வாரம் ஒருமுறை இரவில் வாய் திறந்திருக்கும்போது சிறிது மைசிஸ் கொடுங்கள். அக்ரோபோராவுக்கு 250க்கு மேல், பலத்த, திசை மாறும் ஓட்டம்.

முதல் அரிய பவளமாக எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் டார்ச்சைச் சொல்வேன். கிளைவிடும் வகையில் ஒவ்வொரு தலையும் தானே இரண்டாகப் பிரியும், வெட்டுவதும் எளிது. அக்ரோபோராவுக்கு இரண்டாம் ஆண்டு. ஸ்கோலிமியாவும் பவுன்ஸும் எல்லாவற்றுக்கும் பிறகு.

வெட்டிக் கொடுப்பது

துண்டு இரண்டு மடங்கானதும் அதில் ஒன்றை வெளியே அனுப்புங்கள். கிளைவிடும் டார்ச் என்றால், இரண்டு தலைகளும் முழுக்கப் பிரிந்து, நடுவில் திசு இல்லாத எலும்புக்கூடு தெரியும் வரை பொறுத்து, அந்த வெற்று இடத்தில் பவளக் கத்தரியால் நறுக்குங்கள். அக்ரோபோராவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்க் கிளையை நறுக்கினால் போதும். வெட்டியதை அயோடின் டிப்பில் காட்டி, உங்கள் தொட்டியிலேயே பிளக்கில் படரவிட்ட பிறகு கொடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை யோசித்துச் செய்யுங்கள். உங்கள் தெருவிலேயே இருப்பவருக்குக் கொடுத்தால், உங்கள் தெருவில் கரண்ட் போகும்போது அவர் வீட்டிலும் போகும். சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் டோங்காட்டில் ஒருவருக்கும் ஜொஹானஸ்பர்க்கில் ஒருவருக்கும் கொடுக்கட்டும். பேட்டரி வைத்திருப்பவருக்கு முதலிடம். கொடுக்கும்போது பேசிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என்னுடையது செத்தால் உன்னுடையதில் ஒரு கிளை எனக்கு, உன்னுடையது செத்தால் என்னுடையதில் ஒன்று உனக்கு. காசு பேச வேண்டாம். துண்டின் பெயர், தாய்க் கூட்டம், கொடுத்த தேதி மூன்றையும் நோட்டில் எழுதி, பெறுபவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பின்னால் அதை அவர் விற்றாலும் வம்சாவளி தொலையாது.

டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க்குக்குக் காரில் ஆறு மணி நேரம். தனித்தனி டப்பாவில், பவளம் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, மேலே காற்று விட்டு, இரட்டைப் பை கட்டி, ஐஸ் பாக்ஸில் அடுக்குங்கள். கோடையில் உள்ளே ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி, பையில் படாமல் வைக்க வேண்டும். பக்கியின் (பிக்கப் வண்டி) பின்தட்டில் வெயிலில் வைக்காமல், ஏ.சி. ஓடும் முன்பக்கம் காலடியில் வையுங்கள். கிளம்பும் முன் பெறுபவரைக் கூப்பிட்டு, தனித் தொட்டியில் நீர் 25 டிகிரியில் தயாராக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.